மலைக்குள் இறங்கும் மழை

வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயில் மண்சரிவு காரணமாக ரத்து செய்யப்பட்டது என்னும் செய்தி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு உரிய ஒரு நித்திய நியமம்போலப் பத்திரிகைகளின் உட்பக்கத்தில் சிறு பெட்டியொன்றுக்குள் வந்து அமர்ந்துகொள்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 1899ஆம் ஆண்டில் குன்னூர்வரை ஓடத் தொடங்கிய அந்த ரயில் நிற்பதும், தண்டவாளத்தின்மேல் வந்து விழுந்த பாறையையும் செம்மண்ணையும் ஊழியர்கள் அள்ளி அப்புறப்படுத்துவதும், இரண்டொரு நாளில் எஞ்சின் மறுபடியும் மூச்சிரைத்துக்கொண்டு ஏறுவதும் பழகிப்போன காட்சிகளாகிவிட்டமையால், வாசகர் அதைப் படித்தும் படியாமலும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். ஆயினும் அதே செய்தி சில ஆண்டுகளில் பெட்டியை உடைத்துக்கொண்டு முதற்பக்கத்துக்கு வந்துவிடுகிறது. 1978 நவம்பரில் வந்தது. 1993 நவம்பரில், குன்னூருக்குக் கீழே மரப்பாலத்தில் சாலையோடு மனிதர்களையும் மலை வாரிக்கொண்டு போனபோது வந்தது. 2009 நவம்பரில், நீலகிரியில் எண்ணற்ற இடங்களில் சரிவுகள் பெயர்ந்து, நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டபோது வந்தது.

அந்த 2009ஆம் ஆண்டில், நவம்பர் 10ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், குன்னூருக்கும் உதகைக்கும் இடையிலுள்ள கேத்தியில் பதிவான மழை 82 சென்டிமீட்டர். சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையில் பாதிக்குமேல் ஒரே நாளில் அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டது என்றால், அதன் உக்கிரத்தை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். இத்தகைய பெருமழையைக் கண்டவர்கள், மலை ஏன் சரிந்தது என்று யாரேனும் கேட்டால், கேள்வியே அநாவசியம் என்பதுபோலப் பார்ப்பார்கள். மழை பெய்தது, மலை சரிந்தது. இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? அரசு அறிக்கைகளும் பெரும்பாலும் இந்த மனோபாவத்தோடுதான் எழுதப்படுகின்றன. வரலாறு காணாத மழை என்ற மூன்று சொற்களுக்குள் காரணமும் சமாதானமும் ஒருங்கே அடங்கிவிடுகின்றன. வரலாறு காணாத ஒன்றுக்கு யார்தான் பொறுப்பேற்க முடியும்?

ஆனால் மழையை ஆகாயத்தில் அளப்பதும், மண்ணுக்குள் இறங்கிய நீரை அளப்பதும் ஒன்றாகா. மலையைச் சரிப்பது முன்னது அன்று, பின்னது. முன்னதன்மேல் நமக்கு யாதொரு அதிகாரமும் கிடையாது. பின்னதன்மேல், முழுமையாக இல்லாவிட்டாலும் கணிசமான அளவுக்கு, உண்டு. இந்த ஒரு பேதத்தை நாம் உணர்ந்துகொள்ளாத காரணத்தால்தான் ஒவ்வொரு முறையும் வானத்தைப் பார்த்து ஓலமிட்டுவிட்டு, காலடியில் இருக்கும் கால்வாயை மறந்துவிடுகிறோம் என்பது என் அபிப்பிராயம்.

நீர் புகுந்த மண் ஏன் சரிகிறது என்று சாதாரணமாகக் கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். மண் நனைந்து கனத்துவிடுகிறது என்பது ஒன்று. நீர் எண்ணெய்போல வழவழப்பை உண்டாக்கி மண்ணை வழுக்கச் செய்கிறது என்பது மற்றொன்று. முதல் விடையில் ஓரளவு உண்மை உண்டு. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். ஆகவே கேத்தியில் அன்று பெய்தது சதுர மீட்டருக்கு 820 கிலோ, ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 3,300 டன். இதில் ஒரு பகுதி மண்ணில் தங்கினாலும் அது சாமானியமான பாரமன்று. எனினும், சரிவில் இருக்கும் மண்ணின் பாரம் கூடும்போது, அதைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை கூடுவதைப்போலவே, அடியிலுள்ள படுகையோடு அதை அழுத்தி, உராய்வினால் பிடித்து நிறுத்தும் விசையும் கூடவே செய்கிறது. எனவே பாரம் ஒன்றே மலையைத் தள்ளிவிடுகிறது என்று சொல்ல இயலாது. இரண்டாவது விடையோ பெரும்பாலும் பிரமைதான். மண்ணியந்திரவியல் என்னும் சாஸ்திரத்துக்குத் தந்தையெனப் போற்றப்படும் கார்ல் டெர்சாகி, நிலச்சரிவுகளின் இயக்கம் பற்றி 1950இல் எழுதிய கட்டுரையில், சாதாரணக் கனிமங்களின் பரப்பில் நீர் வழுக்குப்பொருளாக நடந்துகொள்வதில்லை என்று எடுத்துக்காட்டி, பொறியாளர்களிடையேகூட வேரூன்றியிருந்த அந்த நம்பிக்கையை நிராகரித்தார். முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் அது நம் பேச்சிலிருந்து அகலவில்லை.

உண்மையான காரணத்தை விளக்குவதற்கு நம் வீட்டுக் கிணறே போதும். நீர் நிறைந்த குடத்தைக் கயிற்றால் இழுப்பவர்களுக்குத் தெரியும், குடம் நீருக்குள் இருக்கும்வரை கை நோவதில்லை; வாய் வெளியே வந்து, நீர்மட்டத்தைத் தாண்டிய அந்தக் கணத்தில்தான் அதன் முழுக் கனமும் தோளில் இறங்குகிறது. நீருக்குள் இருந்தவரை குடத்தை நீர் தாங்கிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள்ளும் இதுவே நிகழ்கிறது. மண் என்பது எண்ணிறந்த துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்து, தம் பாரத்தைத் தொடும் இடங்களின் வழியாகக் கீழே கடத்தும் ஒரு சட்டகம். துகள்களுக்கு இடையிலுள்ள துளைகளில் காற்று இருக்கும்வரை பாரம் முழுவதையும் துகள்களே சுமக்கின்றன; அதனால் அவை ஒன்றையொன்று இறுக அழுத்திக்கொண்டு, உராய்வினால் நிலைத்து நிற்கின்றன. துளைகள் நீரால் நிறைந்து, அந்த நீருக்கும் ஓர் அழுத்தம் உண்டாகும்போது, சுமையின் ஒரு பகுதியை நீர் ஏற்றுக்கொள்கிறது. துகள்களின் பிடி அந்த அளவுக்குத் தளர்கிறது. ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அதன் அடியில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம். மண்ணின் பிடியிலிருந்து அவ்வளவு கழிந்துவிட்டதென்று பொருள். நீர் மண்ணுக்கு உதவி செய்வதுபோல வந்து, அதன் பிடிமானத்தைப் பறித்துக்கொண்டு விடுகிறது.

இவற்றில் உராய்வு பற்றிய பாதியைக் கண்டவர் பிரெஞ்சு ராணுவப் பொறியாளரான கூலம். மார்த்தினீக் தீவில் கோட்டை கட்டிய அனுபவத்தோடு ஊர் திரும்பி, மண்ணைத் தாங்கும் சுவர்கள் பற்றி அவர் எழுதிய ஆய்வு 1776இல் அச்சேறியது. நீரழுத்தம் பற்றிய மறுபாதியை, இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்த நாட்களில் எளிய சாதனங்களைக் கொண்டே பரிசோதித்து, 1925இல் நூலாக வெளியிட்டவர் டெர்சாகி. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைக்கும் ஒரு முடிவு, மலைநாட்டில் வசிப்பவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கத் தக்கது. ஒட்டும் தன்மை சிறிதுமில்லாத, உராய்வுக் கோணம் 35 டிகிரியுள்ள ஒரு மண், உலர்ந்த நிலையில் 35 டிகிரிச் சரிவுவரை தாக்குப்பிடிக்கும். அதே மண் மேற்பரப்புவரை நீர் நிறைந்து, அந்த நீர் சரிவுக்கு இணையாக ஓடிக்கொண்டிருக்குமானால், ஏறத்தாழ 19 அல்லது 20 டிகிரிக்குமேல் அதனால் நிற்க முடியாது. மண் மாறவில்லை, மலை மாறவில்லை; உள்ளே நீர் வந்து நின்ற ஒரே காரணத்தால் நிலைக்கும் சரிவு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது.

அப்படியானால், நீலகிரியிலும் மூணாற்றிலும் சாலைக்காக வெட்டப்பட்ட செம்மண் கட்டைகள் சுவர்போல நெட்டுக்குத்தாகப் பல கோடைகளைக் கடந்து நிற்கின்றனவே, அது எவ்வாறு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, இதன் விடையில்தான் விஷயத்தின் மர்மமே இருக்கிறது. கடற்கரையில் சிறுவர்கள் மணல்வீடு கட்டுவதைக் கவனியுங்கள். காய்ந்த மணலில் கட்ட முடிவதில்லை. கைப்பிடி மணல் விரல்களுக்கிடையே ஒழுகிப்போகிறது. ஈர மணலிலோ சுவரும் வாசலும் கோபுரமும்கூட எழும்புகின்றன. அலை வந்து நனைத்துவிட்டால் அடுத்த கணமே யாவும் குழைந்து அமர்ந்துவிடுகின்றன. அரைகுறை ஈரத்தில், துகள்களின் இடுக்குகளில் தங்கிய சிறு நீர்த்துளிகள் தம் பரப்பிழுவிசையால் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கின்றன. அங்கே நீரழுத்தம் எதிர்மறையாக இருக்கிறது. இந்த உறிஞ்சுவிசை மண்ணுக்கு ஓர் உபரி பலம். வெட்டப்பட்ட செம்மண் கட்டையை நெட்டுக்குத்தாக நிறுத்திவைப்பதில் மண்ணின் சொந்தப் பிணைப்புக்கு ஒரு பங்கு உண்டெனினும், பெரும்பங்கு இந்த விசைக்கே உரியது. வெயிற்காலம் மண்ணுக்குக் கொடுத்திருக்கும் கைமாற்றுக் கடன் என்று இதைச் சொல்லலாம். மழைக்காலம் அதைத் திருப்பிக் கேட்கிறது. துளைகள் நிறையுமுன்பே, நீர்மட்டம் உயருமுன்பே, ஈரம் பரவிய அளவிலேயே உறிஞ்சுவிசை கரைந்துபோகிறது. அதை மட்டும் நம்பி நின்ற சரிவுகள் அந்தக் கட்டத்திலேயே வீழ்ந்துவிடுகின்றன. இருபது வருஷமாக நின்ற கட்டை இது, இதற்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லும் மேஸ்திரியின் அனுபவஞானம் பொய்த்துப்போவது இங்கேதான்; இருபது வருஷத்துக் கோடைகளின் சாட்சியத்தை அவர் மழைக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறார்.

மழை மண்ணுக்குள் இறங்கும் விதமும் நாம் எண்ணுவதுபோல ஒரே சீரானதன்று. வறண்ட மண் முதலில் ஆவலோடு குடிக்கிறது; பிறகு வேகம் குறைந்து, அந்த மண்ணுக்கே இயல்பான ஒரு நிதானத்துக்கு வந்துவிடுகிறது. அந்த நிதானத்துக்கு மிஞ்சிய மழை மேற்பரப்பில் ஓடிவிடும். எனவே, நீரை மெல்ல உட்கொள்ளும் களிமண் சரிவுக்கு, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும் பேய்மழையைவிட, நாள்கணக்கில் விடாது பெய்யும் அடைமழை அதிக ஆபத்தானது. நீரை விரைவில் விட்டுவிடும் பரல்மண் சரிவுக்கோ, குறுகிய நேரத்துப் பெருமழையே காலன். நனைந்த மண்ணின் விளிம்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கி, நீரை எளிதில் விடாத ஒரு படுகையை எட்டும்போது, அங்கே நீர் தேங்கி, ஒரு தற்காலிக நீர்மட்டத்தை உண்டாக்குகிறது. நீலகிரியில் கருங்கற்பாறையான சார்னோக்கைட்டின்மேல், யுகயுகமாகச் சிதைந்து உண்டான செம்மண், சில இடங்களில் பத்து, இருபது மீட்டருக்கு மேலும் கனமாகப் படிந்திருக்கிறது. அந்தச் செம்மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே, வெளிறிய நிறத்தில், தொட்டால் மாவுபோலக் குழையும் ஒரு களிமண் படுகை பல இடங்களில் உண்டு. மேலேயுள்ள செம்மண் நீரை வாங்கிக் கொடுக்க, கீழேயுள்ள களிமண் அதை வாங்க மறுக்க, இரண்டுக்கும் இடையில் மலை தன் பிடியை இழக்கிறது.

இந்த இறக்கத்துக்குக் கால அவகாசம் வேண்டும். ஆதலால் மழை விட்டு, வெயிலும் எட்டிப்பார்த்து, ஜனங்கள் ஆறுதலடைந்து வீடு திரும்பிய பிறகு மலை சரிவது அபூர்வமன்று. இதன் மறுபக்கமும் உண்டு. முந்திய வாரங்களில் பெய்த மழை மண்ணுக்குள் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து, இன்றைய மழையின் அர்த்தமே மாறிவிடுகிறது. அக்டோபர் முதல் வாரத்தில் மலை சிரமமின்றி ஏற்றுக்கொண்ட மழையை நவம்பர் மத்தியில் அதனால் ஏற்றுக்கொள்ள முடியாமற் போகலாம்.

2024 ஜூலை 30ஆம் தேதி அதிகாலையில் வயநாட்டில் நிகழ்ந்தது இதற்கு அண்மைக்கால உதாரணம். மேப்பாடிப் பகுதியில் அதற்கு முந்திய 48 மணி நேரத்தில் சுமார் 57 சென்டிமீட்டர் மழை பெய்திருந்தது. கடல்மட்டத்துக்கு 1,550 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 86,000 சதுர மீட்டர் பரப்பு பெயர்ந்து, பாறையும் மரமும் சேறும் ஒன்றாகி, புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களின் வழியே ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தூரம் பாய்ந்தது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலருடைய உடல்கள் சாலியாற்றின் வழியே வெகுதூரம் கீழே சென்று கரையேறின. மலையாளிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் உருள்பொட்டல். நம் மண்சரிவு என்ற சொல் மண் மெல்ல வழுகி இறங்கும் ஒரு சாதுவான காட்சியைத் தருகிறது. உருள்பொட்டல் என்னும் சொல்லிலோ வெடிப்பும் உருட்டும் இருக்கின்றன. உள்ளே அடைபட்ட நீர் ஒரு கணத்தில் மண்ணின் சட்டகத்தைக் குலைத்து, திடமாக இருந்ததைத் திரவமாக்கிவிடும் அந்த விபரீதத்துக்கு அவர்களுடைய சொல்லே பொருத்தமானது. முண்டக்கை 1984இலும் ஒருமுறை இதைக் கண்டது. அருகிலுள்ள புத்துமலை 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி கண்டது. ஆகவே, வரலாறு காணாதது என்ற சொல் அங்கே அவ்வளவாகச் செல்லாது.

தமிழருக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிப்பட்ட துயரம் உண்டு. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைவீடுகளான லயங்கள்மேல் மலை இறங்கி 70 பேரைக் கொண்டுபோனபோது, மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தமையால், மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி தெரிந்தது. மாண்டவர்கள் பெரும்பாலும் தூத்துக்குடி மாவட்டத்தைப் பூர்விகமாகக் கொண்ட தமிழர்கள். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில், இலங்கை மலையகத்தில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை அருகே, மீரியபெத்தையில் லயன் வரிசைகள் மண்ணுக்குள் மறைந்தன. அந்த இடம் அபாயமானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரித்தவர்கள் காகிதத்தில் எச்சரித்தார்கள்; குடியிருந்தவர்களுக்கோ போவதற்கு வேறு இடமில்லை.

இந்த லயங்கள் ஏன் இத்தகைய இடங்களிலேயே அமைந்தன என்று சிந்தித்துப் பார்த்தால், மண்ணின் சாஸ்திரமும் மனிதரின் வர்த்தகமும் சந்திக்கும் ஓர் இடத்துக்கு வந்துசேர்கிறோம். நல்ல சரிவுகளெல்லாம் தேயிலைக்கு ஒதுக்கப்பட்டுவிட்ட பிறகு, தொழிலாளர் குடியிருப்புக்கு மிஞ்சியது, ஓரளவு சமதளமாகவும், குடிநீருக்கு ஓடை அருகிலும் இருக்கும் மலைமடிப்புகள். அங்கே சமதளம் எப்படி வந்தது? மேலிருந்து முன்பொரு காலத்தில் சரிந்து வந்த மண் படிந்துதான் பல மடிப்புகளில் சமதளம் உண்டாயிற்று. ஓடை எப்படி வந்தது? சுற்றிலுமுள்ள சரிவுகளின் நிலத்தடி நீர் அந்த மடிப்பை நோக்கித்தான் திரண்டு வருகிறது. வசிப்பதற்கு வசதியென்று தோன்றிய இரண்டு லட்சணங்களும், பழைய சரிவுக்கும் வரப்போகும் சரிவுக்கும் உரிய லட்சணங்களே. தோட்டத் துரைமார் இதை அறிந்து செய்தார்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் அறிந்துவிட்ட இந்தக் காலத்திலும் அந்த லயங்களில் ஜனங்கள் உறங்கிக்கொண்டிருப்பதற்கு யாதொரு மன்னிப்பும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தோட்டங்களைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை நியாயத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். கொழுந்து பறித்தல், கவ்வாத்து வெட்டுதல்போலவே, கான் வெட்டுதல் என்பதும் பழைய தோட்டங்களில் ஒரு நிரந்தரமான வேலை. சரிவின் குறுக்கே, மிக இலேசான வாட்டத்தோடு வெட்டப்பட்ட அந்தக் கான்கள், மழைநீரை மண்ணுக்குள் இறங்க விடாமலும், மேல்மண்ணை அரித்துச் செல்ல விடாமலும், நிதானமாகப் பக்கத்து ஓடைக்கு இட்டுச்சென்றன. மேல்மண்ணைக் காக்க வேண்டுமென்ற லாபநோக்கத்தில் பிறந்த ஏற்பாடுதான். ஆயினும் மலைக்கும் அது காவலாயிற்று. கான் வெட்டுவது கொழுந்துபோல உடனடியாகக் காசு தரும் வேலையன்று. கூலி உயர்ந்து விலை தாழ்ந்தபோது, செலவைக் குறைக்க நினைத்த கண்ணுக்கு முதலில் பட்டிருக்கக் கூடியதும் அதுவே. தூர்ந்துபோன கான், கானே இல்லாததைவிடக் கேடு. ஏனெனில் அது நீரை வெளியேற்றுவதற்குப் பதிலாக, மலையின் குறுக்கே ஒரு தொட்டிபோலத் தேக்கி, உள்ளே இறக்குகிறது.

நகரங்களின் கதை வேறு. குன்னூரிலும் கோத்தகிரியிலும் உதகையிலும் ஒரு வீடு கட்டுவதென்றால், முதற் காரியமாக மேட்டின் அடியை வெட்டி மனையைச் சமப்படுத்துகிறோம். அடிவாரம் என்பது மலைக்குக் கால். காலை வெட்டிவிட்டு, தலையில் கட்டடத்தை ஏற்றுகிறோம். கூரைநீரைக் குழாயில் பிடித்துக் கீழ்மனைக்காரரின் எல்லையில் விட்டுவிடுகிறோம். கழிவுநீர்க் குழியோ ஆண்டு முழுவதும், கோடையிலும்கூட, சரிவுக்குள் நீரை ஊட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் வெயிற்காலம் கொடுக்கவேண்டிய அந்தக் கடன்கூட மண்ணுக்குக் கிடைப்பதில்லை. பொக்லைன் இயந்திரத்தை அனுமதியின்றி இயக்கக்கூடாது என்று விதியுண்டு. இரவில் அதன் சத்தத்தைக் கேட்காத மலைவாசி யார்?

குன்னூரில் வசிக்கும் என் நண்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன், வீட்டின் பின்புறத்து மண்கட்டையைத் தாங்குவதற்காக எட்டடி உயரத்தில் கருங்கற்சுவர் ஒன்று எழுப்பினார். ஒப்பந்தக்காரர் உறுதியான ஆள். சிமெண்டில் கஞ்சத்தனம் செய்யவில்லை. சுவர் பார்ப்பதற்கு வழவழவென்று, ஓர் இடுக்கில்லாமல், கோட்டைபோல நின்றது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் பின்னிரவில் அது அடியோடு சாய்ந்து சமையலறைச் சன்னலை அடைத்துக்கொண்டது. மண் தள்ளவில்லை, சுவருக்குப் பின்னே வழியின்றித் தேங்கிய நீர் தள்ளியது. நீர் வடிவதற்கு ஒரு துளைகூட விடாமல் பூசியிருந்த அந்த உறுதிதான் சுவருக்கு எமனாயிற்று. சிமெண்டுக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கைச் சில குழாய்களுக்கும், சுவரின் பின்னே ஒரு சரளைப் படுகைக்கும் செலவழித்திருந்தால் போதும். மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: மரத்தின் வேர் மண்ணைத் தைத்துப் பிடிக்கிறது, இலை நீரை உறிஞ்சி ஆகாயத்துக்கு அனுப்புகிறது, இவை மேலே இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்கு மெய்யான காவல். பத்து மீட்டருக்குக் கீழே களிமண்ணின்மேல் நிகழும் சரிவுக்கு மரம் நட்டால் போதுமென்று விழாக் கொண்டாடுவது, நல்ல எண்ணத்தால் நேரும் தவறு.

செய்ய முடியும் என்பதற்கு ஒரு ஊரையேனும் சாட்சியாக நிறுத்த வேண்டுமல்லவா? ஹாங்காங்கை நிறுத்துகிறேன். செங்குத்தான மலைகள், கனமான சிதைவு மண், கோடைப் புயல்மழை, இடநெருக்கடி எல்லாம் ஒருங்கே அமைந்த நகரம் அது. 1972 ஜூன் 18ஆம் தேதி, ஒரே நாளில், சாவ் மாவ் பிங்கில் 71 பேரும், போ ஷான் சாலையில் 67 பேரும் மண்சரிவில் இறந்தார்கள். 1976 ஆகஸ்டில் அதே சாவ் மாவ் பிங்கில் 18 பேர். ஒரே இடத்தில் இரண்டாம் முறை நிகழ்ந்தபோதுதான் அரசாங்கத்துக்குச் சுரணை வந்தது. 1977இல், சரிவுகளைக் கவனிப்பதே தொழிலாகக் கொண்ட ஒரு தனிப் பொறியியல் அலுவலகத்தை நிறுவினார்கள். மனிதன் வெட்டியோ நிரப்பியோ உண்டாக்கிய சரிவுகளை ஒவ்வொன்றாக எண்ணி, அறுபதினாயிரம் வரை பட்டியலிட்டு, மோட்டார் வண்டிக்குப்போல ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் பலகை மாட்டினார்கள். எந்தச் சரிவை யார் பராமரிக்க வேண்டும் என்பது அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருக்கிறது. போ ஷானில் மலைக்குள்ளேயே சுரங்கம் குடைந்து, அதிலிருந்து குழாய்களை மேல்நோக்கிச் செலுத்தி, நிலத்தடி நீரை வடித்தார்கள். மழை குறையவில்லை, உயிர்ச்சேதம் மிகவும் குறைந்தது. பணக்கார ஊர் செய்வதை நாம் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். சுரங்கத்தை விடுங்கள், ஒரு தகரப் பலகைக்கும் அதில் ஒரு எண்ணுக்கும் எவ்வளவு செலவாகும்?

எச்சரிக்கையில் நாம் சிறிது முன்னேறியிருக்கிறோம் என்பதை மறைக்கக் கூடாது. இலங்கையில் 24 மணி நேரத்து மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்று வரையறுத்திருக்கிறார்கள். இந்திய நிலவியல் ஆய்வகம், கொல்கத்தாவில் நிலச்சரிவு முன்னறிவிப்புக்கான தேசிய மையத்தை 2024 ஜூலை 19ஆம் தேதி தொடங்கி, டார்ஜிலிங், காலிம்பாங், நீலகிரி ஆகிய மூன்று மாவட்டங்களுக்குத் தினந்தோறும் அறிவிப்பு வெளியிட முன்வந்தது; வயநாடு சரிந்தது அதற்குப் பதினோராம் நாள். மழையளவை மாத்திரம் கொண்டு விதிக்கப்படும் வரம்பு, ஒரு தாலுகாவில் இன்று அபாயம் மிகுதி என்று சொல்லலாமே தவிர, எந்த லயத்தின் பின்புறம் என்று சொல்ல இயலாது. அதற்கு மண்ணுக்குள் பீசோமீட்டர் என்னும் நீரழுத்தமானியை இறக்கிக் கேட்க வேண்டும். மூணாற்றில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அப்படிக் கேட்டுவருகிறார்கள்: ஒரு சரிவின் வெவ்வேறு ஆழங்களில் கருவிகளைப் புதைத்து, அவை சொல்வதைக் கம்பியின்றி வாங்கி, ஜனங்களை முன்கூட்டியே அகற்றும் முயற்சி அது. ஒரு சரிவில் முடிந்தது, ஆட்கள் உறங்கும் நூறு சரிவுகளில் ஏன் முடியாது? மேற்குத்தொடர்ச்சி மலையைப் பாதுகாப்பு மண்டலங்களாக வகுத்து மாதவ் காட்கில் குழு 2011இல் தந்த அறிக்கையைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக நடக்கும் வாதங்கள் அவசியமானவையே. ஆனால் வரைபடத்தின் எந்த வண்ணத்துக்குள் எந்தக் கிராமம் வருகிறது என்று நாம் வழக்காடிக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்தக் கிராமத்துச் சாலையோரக் கால்வாய் தூர்ந்துகொண்டிருக்கிறது. அதைத் தூர்வார எந்தச் சட்டத் திருத்தமும் தேவைப்படுவதில்லை.

கருவி வரும்வரை கண்ணும் காதும் உண்டு. மலையில் நெடுநாள் வாழ்ந்தவர்கள் சில குறிகளைச் சொல்வார்கள். அவை யாவும் மேற்சொன்ன சாஸ்திரத்தோடு பொருந்துகின்றன. இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பினால் உள்ளே நீர்மட்டம் உயர்ந்துவிட்டது. கொட்டும் மழையிலும் ஓடை திடீரென்று வற்றினால் மேலே எங்கோ அடைபட்டிருக்கிறது. கதவு நிலையோடு இறுகினால் தரை நகர்கிறது. தெளிவாக வந்துகொண்டிருந்த ஊற்றுநீர் கலங்கினால் நீரோடு மண்ணும் வெளியேறத் தொடங்கிவிட்டது.

சென்ற ஆண்டு கார்த்திகையில் குன்னூர் நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். சுவரை மறுபடியும் கட்டியிருந்தார். இம்முறை பின்னே சரளை நிரப்பி, இரண்டு வரிசையாக எட்டுக் குழாய்கள் வைத்திருந்தார். மழை ஓய்ந்து மூன்று நாளாகியிருந்தது. முற்றத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஆயினும் குழாய்களிலிருந்து நீர் வடிந்துகொண்டுதான் இருந்தது. காப்பித் தம்ளரோடு வந்த நண்பர், பெருமையோடு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். ஏழாவது குழாயருகே நின்றுவிட்டார். மற்றவற்றில் தெளிவாக வந்த நீர் அதில் மட்டும் செந்நிறமாக வந்தது. தம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு, குனிந்து அந்த நீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, மேஸ்திரிக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கினார்.